கடலோரத்துல முதல் வீடு: உப்புத் தண்ணி, மொட்டை மாடி ஷட்டில், ஹால்ல ஊஞ்சல் - கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன முடிவு பண்ணணும்?

தைமனை:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல தேவனாம்பட்டினம் ரோட்டை ஒட்டி 30க்கு 60 அடி மனை, நாலு சென்டுக்குக் கொஞ்சம் மேல. கடற்கரை ஒரு கிலோமீட்டருக்குள்ள. இதுதான் முதல் வீடு. இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும், 25க்கு 40, ஆயிரம் சதுர அடி. பின்னாடி மாடி எடுக்குற மாதிரி தூண் வைக்கிறோம். தை பொறந்ததும் கடைக்கால் தோண்டணும்.

ரெண்டு விஷயத்துல குழப்பம். மனையில போட்ட போர் தண்ணி உப்பு. "இந்தத் தெருவுல எல்லா வீடும் இந்தத் தண்ணியிலதான் கட்டினது, ஒண்ணும் ஆகாது"ன்னு மேஸ்திரி சொல்றாரு. லாரி தண்ணி வாங்கினா எவ்வளவு வாங்கணும், எந்த வேலைக்கு அவசியம்?

இன்னொண்ணு, பசங்க ரெண்டு பேரும் ஷட்டில் ஆடுறாங்க, பெரியவ ஸ்கூல் டேபிள் டென்னிஸ் டீம்லயும் இருக்கா. மொட்டை மாடியில நெட் கட்டணும். அம்மாவுக்கு ஹால்ல ஊஞ்சல். இதுக்கெல்லாம் இப்பவே ஏதாவது பதிக்கணுமா, இல்ல வீடு முடிஞ்சதும் டிரில் பண்ணிக்கலாமா?

கவர்பிளாக்:

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியா பதில்: அந்தப் போர் தண்ணிய கான்கிரீட் கலக்கவும் வேண்டாம், நீராத்தவும் (போட்ட கான்கிரீட்டை நாள் கணக்கா ஈரமா வைக்கிறது) வேண்டாம். மேஸ்திரி சொல்றதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. அதே தெருவுல கட்டிப் பல வருஷம் ஆன வீடுகளோட சன்ஷேடு அடிப்பக்கம், போர்டிகோ அடிப்பக்கம் நிமிர்ந்து பாருங்க. கம்பி ஓடுற நேர்கோட்டுல பழுப்பு நிறத்துல கோடு இருக்கா, பூச்சு உப்பிப் பெயர்ந்திருக்கா, சுத்தியலால லேசா தட்டினா பொத்துன்னு சத்தம் வருதான்னு கவனிங்க. ஒரே தெருவுல மூணு நாலு வீட்ல பார்த்தாலே மேஸ்திரிக்குப் பதில் கிடைச்சிடும்.

காரணம் இதுதான். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் கம்பியைச் சுத்தி ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துரு பிடிக்காம காக்குது. உப்புல இருக்குற குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போடும். துரு, இரும்பைவிட ரெண்டு மூணு மடங்கு இடம் பிடிக்கும்; அது உள்ளேயிருந்து தள்ளும்போது கான்கிரீட் வெடிக்குது. கடல் காத்து வழியா வர்ற உப்பு வெளியிலேர்ந்து உள்ள ஊற வருஷக்கணக்காகும். கலக்குற தண்ணியிலேயே உப்பு இருந்தா முதல் நாளே கம்பியைத் தொட்டுட்டு நிக்குது. அதுக்கப்புறம் வெளியே எந்த பெயிண்ட் அடிச்சும் பலன் இல்லை.

பரிசோதனைக்குத் தண்ணி கொடுங்க. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியா சொல்லாது. சுத்தமான ரெண்டு லிட்டர் கேன் எடுத்து, அதே தண்ணியில மூணு தடவை அலசி, மோட்டார் பத்து நிமிஷம் ஓடினபிறகு காத்து இல்லாம முழுசா நிரப்பி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துலயோ ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரி லேப்லயோ கொடுங்க. "கட்டுமானத் தண்ணி"ன்னு சொல்லிக் கேளுங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 வரம்புப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு குளோரைடு 500 மில்லிகிராம், சல்பேட் 400, பி.எச். 6க்குக் குறையக்கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு மட்டும் குளோரைடு 2000 வரை போகலாம். லாரியில வர்ற தண்ணியையும் ஒரு தடவை இதே மாதிரி பார்த்துடுங்க, எந்தப் போர்ல நிரப்புறாங்கன்னு நமக்குத் தெரியாது.

செலவு பயப்படுற அளவுக்கு இல்லை. உங்க ரூஃபையே கணக்குப் போடுவோம். ஆயிரம் சதுர அடி, அஞ்சரை அங்குலக் கனம்னா 13 கன மீட்டர். பீம் சேர்த்து 16ன்னு வச்சுக்கங்க. கன மீட்டருக்கு ஏழு மூட்டைக்குக் கொஞ்சம் மேல, மொத்தம் சுமார் 115 மூட்டை. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணி, ஆக மூவாயிரம் லிட்டருக்குள்ளதான். நீராத்துறதுக்குத்தான் நிறைய வேணும்: பாத்தி கட்டி ரெண்டு அங்குலம் தேக்கினா 4,700 லிட்டர், வெயில்ல தினமும் 600 லிட்டர் காயும்னு வச்சா 14 நாளுக்கு 8,400. கலக்குறது, தேக்குறது, காயுறது எல்லாம் சேர்த்து 16 ஆயிரம் லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரி மூணு. ஒரு ரூஃபுக்கு வாங்குற கம்பி விலை பக்கத்துல இது ஒரு செலவே இல்லை.

தண்ணி பிடிச்சு வைக்க, வீட்டுக்கு எப்படியும் கட்டப்போற சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டியை, முதல்ல கட்டுங்க. உள்ளளவு 8க்கு 6, ஆழம் 5 அடின்னா 6,800 லிட்டர் நிக்கும், ஒரு லாரி தாராளமா இறங்கும். செங்கல் ஊற வைக்கவும், பூச்சுக்கும் இதே தண்ணிதான். உப்புத் தண்ணியில ஊறின செங்கல் சுவர் ஒவ்வொரு கோடையிலயும் வெள்ளையாப் பூத்து பெயிண்டைத் தள்ளும். போர் தண்ணியைத் தூசி அடக்கத் தெளிக்கலாம், அதுவும் கம்பி கிடக்குற பக்கம் வேண்டாம்.

தண்ணிக்கு அடுத்தது கவர். கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் நடுவுல இருக்குற கான்கிரீட் கனம்தான் உப்பை எத்தனை வருஷம் தடுக்கும்னு தீர்மானிக்குது. கடல் காத்து நேரா படுற வெளிப்பகுதிக்கு ஐ.எஸ். 456 சொல்றது எம் 30 கிரேடு (எண் கூடக் கூட கான்கிரீட் பலம் கூடும்), தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45, கவர் 45 மி.மீ. உள்பக்கமா மறைஞ்சு இருக்குற பகுதிக்கு எம் 25, 0.50, 30 மி.மீ. அதனால வெளித்தூண், வெளிப்பீம், சன்ஷேடு, போர்டிகோ இதுக்கெல்லாம் எம் 30 கேளுங்க. இந்த எம் 30 கலவைக்கு மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல தண்ணி ஊத்த விடாதீங்க. கலவை இறுகி ஓடலைன்னு சித்தாள் ஒரு குடம் சேர்ப்பாங்க; அதைத் தடுக்க, தண்ணி சேர்க்காமலே கலவையை இளக்குற பிளாஸ்டிசைசர் டப்பா முன்கூட்டியே சைட்ல இருக்கணும். மணல்ல ஈரம் இருந்தா அந்தத் தண்ணியையும் கழிக்கணும்.

கம்பியைப் பலகையிலேர்ந்து தள்ளிப் பிடிக்கிற சின்னக் கட்டிதான் கவர் பிளாக், அந்த விஷயத்துல கறாரா இருங்க. ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுக்குறது, ஓட்டுச் சில்லை வைக்குறது எதுவும் கூடாது. அது நழுவும், இல்லைன்னா அது வழியாவே தண்ணி ஏறும். கான்கிரீட்டுக்குச் சமமான பலத்துல வார்த்து, தண்ணியில ஊறின பிளாக்கா இருக்கணும், மூணு அடிக்கு ஒண்ணு. பலர் தவற விடுற இடம் ஒண்ணு இருக்கு: ரூஃப் கவரை 20லேர்ந்து 30 மி.மீ. ஆக்கினா, தளத்தோட கனத்தையும் அதே 10 மி.மீ. கூட்டணும். கூட்டலைன்னா கம்பி மேல ஏறித் தளத்தோட தாங்கு திறன் குறையும். மேல நான் அஞ்சரை அங்குலம்னு கணக்குப் போட்டது அதுக்காகத்தான். இன்ஜினியர்கிட்ட இதை வரைபடத்துலேயே எழுதி வாங்குங்க.

சிமெண்ட்ல சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. கடலோரத்துக்கு நல்லது, உப்பு ஊறுறதைக் குறைக்கும். ஆனா மெதுவாத்தான் பலம் வரும். நீராத்துறது 14 நாள் கட்டாயம். 15 அடிக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள்ல முட்டு எடுக்கலாம்னு விதி சொல்றது சாதா சிமெண்டுக்கு. இதுக்கு 14 நாள் விடுங்க, பீமுக்கு 21. சென்ட்ரிங்காரர் சவுக்கு முட்டு அடுத்த சைட்டுக்கு வேணும்னு அவசரப்படுத்துவார். அந்த நாள் வாடகையை முன்னாடியே பேசி முடிச்சிடுங்க.

கம்பியை மணல்ல போடாதீங்க. சவுக்குக் கட்டை மேல அடுக்கித் தார்ப்பாய் மூடுங்க. ஒரு மாசத்துக்கு வேண்டியது மட்டும் இறக்குங்க. மெல்லிசா செம்பொடி மாதிரி இருந்தா பரவாயில்லை, செதிலா உரிஞ்சா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் கட்டணும்.

மாடிகோர்ட்:

அண்ணன் தண்ணி விஷயத்தை முழுசா சொல்லிட்டாரு, நான் மாடிக்கு வர்றேன். டிரில் மட்டும் பண்ணாதீங்க. ஆங்கர் போல்ட் நாலு அங்குலம் இறங்கும். தட்டோடு, சுண்ணாம்பு ஜல்லி எல்லாத்தையும் துளைச்சுத் தளத்தைத் தொடும். நெட்டை இழுத்துக் கட்டக் கட்ட போல்ட் ஆடும், சந்து விழும், மழைத்தண்ணி அது வழியா இறங்கிக் கம்பியோட ஓடி வேற ரூம்ல கசியும். எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

முழு ஷட்டில் கோர்ட் 44க்கு 20 அடி. உங்க மாடி நீளமே 40 தான். அதனால நீளத்தை 32 அடியாக் குறைச்சு, அகலம் 17 அடி, அதாவது சிங்கிள்ஸ் அகலம் வச்சுக்கங்க. நாலு பக்கமும் 4 அடி விளிம்பு விட்டா உங்க 25க்கு 40ல கச்சிதமா உட்காரும். நெட் உயரத்தையும், நெட்லேர்ந்து ஆறரை அடியில வர்ற ஷார்ட் சர்வீஸ் கோட்டையும் மட்டும் மாத்தாதீங்க. பின்கோட்டைக் குறைக்கலாம், முன்பக்கம் அசல் அளவா இருந்தாத்தான் பசங்க நாளைக்குப் பெரிய கோர்ட்ல ஆடும்போது சர்வீஸும் நெட் ஆட்டமும் கெடாது. கோடு 40 மி.மீ. அகலம், வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட்.

இது உட்காரணும்னா மாடிப்படி அறை அந்த 25க்கு 40க்குள்ள வரக்கூடாது. படியைப் போர்டிகோ பக்கம் தள்ளச் சொல்லி இப்பவே பிளான்ல மாத்துங்க. தண்ணி டேங்க் படி அறை மேல போகட்டும். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைஞ்சா ஒரு டன், அது எப்படியும் தூண் பீம் மேலதான் நிக்கணும்.

நெட் கம்பத்துக்கு ரெண்டு ஓர பீம் மேலயும், நீளத்தோட நடுவுல, 9க்கு 9 அங்குலத்துல ஒரு அடி உயரச் சின்னத் திண்டு. ரூஃப் போடுற அன்னைக்கே பீமோட சேர்த்து வார்க்கணும், உள்ள ரெண்டு அங்குல ஜி.ஐ. குழாய் நட்டு, அடியில தகடு வெல்டிங். கம்பத்தை அந்தக் குழாயில சொருகினா போதும், ஆட்டம் முடிஞ்சதும் உருவிடலாம். கம்பத்துக்கிட்ட நெட் உயரம் 1.55 மீட்டர், நடுவுல 1.524. இதை அளக்க வேண்டியது ஓடு பதிச்சு முடிஞ்ச மட்டத்துலேர்ந்து. கான்கிரீட் தளத்துலேர்ந்து அளந்தா சுண்ணாம்பு ஜல்லி, ஓடு எல்லாம் சேர்ந்து நாலு அங்குலம் தப்பும். திண்டு வேண்டாம்னா 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல குழாய நட்டுக் கான்கிரீட் நிரப்புங்க, ஒண்ணு 48 கிலோ கிட்ட வரும்.

காத்து பெரிய எதிரி. நம்ம கரையில மதியத்துக்கு மேல கடல் காத்து கிழக்கேர்ந்து அடிக்கும், இறகு ஷட்டில் நிக்காது. காலையில ஏழு எட்டு மணிக்குள்ள ஆடுறதுதான் நல்ல ஆட்டம். கோர்ட் நீளம் வடக்கு தெற்கா இருந்தா வெயில் கண்ணுல படாது, காத்தும் ரெண்டு பேருக்கும் சமமா குறுக்க அடிக்கும். 2019ல உலக பேட்மின்டன் கூட்டமைப்பு வெளிமைதானத்துக்குன்னே கொண்டுவந்த ஏர்ஷட்டில் மணிக்கு 12 கிலோமீட்டர் காத்து வரைக்கும் தாங்குற மாதிரி செஞ்சது. கிடைச்சா சாயங்கால ஆட்டத்துக்கு அதை வாங்குங்க.

காத்தைத் தடுக்கக் கிழக்குப் பக்கம் பச்சை வலை கட்டலாம்னு தோணும். கட்டுங்க, ஆனா கொக்கியில மாட்டிக் கழட்டுற மாதிரி. இந்தக் கரைக்குக் கட்டடக் கணக்குல எடுக்குற காத்து வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்துல சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். 40 அடி நீளம், 6 அடி உயர வலை பாதிக் காத்தை விட்டாலும் ஒன்றரை டன்னுக்கு மேல கைப்பிடிச் சுவரை இழுக்கும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் கரை கடந்தது நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான். எச்சரிக்கைக் கூண்டு ஏறினதும் வலையும் நெட்டும் கீழ இறங்கிடணும். தகர ஷெட்டும் இதே காரணத்தால வேண்டாம்.

கைப்பிடிச் சுவர் நாலு அடி வேணும், பசங்க பின்னாடி பார்க்காம ஓடுவாங்க. தரைக்குப் பளபளப்பான வெள்ளை டைல்ஸ் வேண்டாம், ஐப்பசி மழையில பாசி பிடிச்சா கால் வழுக்கும். சொரசொரப்பான டைல்ஸ் போடுங்க. கான்கிரீட் தரை முட்டிக்கு ஆகாது, நல்ல குஷன் ஷூ இல்லாம குதிச்சு ஸ்மாஷ் அடிக்க விடாதீங்க.

டேபிள் டென்னிஸுக்கு மாடி வேண்டவே வேண்டாம். பந்து மூணு கிராம்கூட இல்லை, காத்துல திசை மாறிடும். டேபிள் 9க்கு 5 அடி, பின்னாடி தலா அஞ்சரை அடி, பக்கத்துல மூணு அடி. போர்டிகோவை 20க்கு 11 ஆக வச்சு, கிழக்குப் பக்கம் சுவர் வந்துட்டா, காரை வெளிய எடுத்துட்டு ஆடலாம். மடக்குற டேபிளா வாங்கி உள்ள வச்சுக்கங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல பிளைவுட் வெளியே நின்னா உப்பும்.

வில்லியனூர்சைட்:

புதுச்சேரிப் பக்கத்துலேர்ந்து ரெண்டு வரி. பேஸ்மெண்ட் உயரத்தை ரோடு மட்டத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் ஏறும். 2015 வெள்ளத்துலயும் 2024 ஃபெஞ்சல் புயல் அப்பவும் அந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னதுன்னு பக்கத்து வீட்டுச் சுவர்ல காட்டச் சொல்லி, அதுக்கு மேல ரெண்டு அடி வைங்க. பெண்ணையாத்துல சாத்தனூர் அணைத் தண்ணி வந்ததை மறந்துட வேண்டாம்.

ஃபெஞ்சல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. உங்க மாடியில அது 40 ஆயிரம் லிட்டர். மழைநீர்க் குழாய் ஒண்ணு மட்டும் வச்சா, ஒரு ஷட்டில் காக் அடைச்சாலே மாடி குளமாகிடும். எதிரெதிர் மூலையில நாலு அங்குலக் குழாய் ரெண்டு, வாயில சல்லடை, நூத்துக்கு ஒண்ணு சரிவு.

சம்ப் முதல்ல கட்டுறது சரி. ஆனா மணல் பூமியில கார்த்திகையில நிலத்தடி நீர் மேல வந்தா காலி சம்ப் மிதந்து எழும். மழைக்காலம் முழுக்க நிரப்பியே வைங்க. மூடியைத் தரைக்கு மேல ஒரு அடி தூக்கிக் கட்டுங்க, இல்லைன்னா வெள்ளத்தண்ணியோட சாக்கடையும் உள்ள இறங்கும். தை மாசம் தொடங்கினா ஆனிக்குள்ள ரூஃப், ஆவணிக்குள்ள வெளிப்பூச்சு முடிஞ்சிடணும்.

தைமனை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படியைப் போர்டிகோ பக்கம் மாத்தச் சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம் அண்ணே. மேல மாடிக்குன்னு தூண்ல விடுற கம்பி அப்படியே நின்னா பசங்க ஆடுற இடத்துல ஆபத்து இல்லையா? ஊஞ்சல் கொக்கியை எப்படிப் பதிக்கறது?

கவர்பிளாக்:

தூண் கம்பி ஆபத்து மட்டும் இல்லை தம்பி, உங்க வீட்லயே முதல்ல துரு பிடிக்கிற இடம் அதுதான். திறந்து நிக்கிற கம்பி வழியா துரு கீழ தூணுக்குள்ள இறங்கும். மாடி எடுக்க அஞ்சு பத்து வருஷம் ஆகும்னா, கம்பியைச் சுத்தமா தேய்ச்சு, துருத்தடுப்பு சிமெண்ட் பூச்சு ரெண்டு கோட் அடிச்சு, சுத்திச் சின்னப் பெட்டி கட்டி ஒண்ணுக்கு நாலுக்கு எட்டு கலவையில மூடிடுங்க. அது பலவீனமான கலவை, பின்னாடி உளியால தட்டினா உதிர்ந்திடும். தலைப்பக்கம் சரிவா பூசுங்க, தண்ணி நிக்கக்கூடாது. கைப்பிடிச் சுவரோட உயரத்துக்கு மூடினா சுவரோட சேர்ந்த தூண் மாதிரி தெரியும், மூலையும் கூரா இருக்காது. நடுவுல நிக்கிற தூண் எதுவும் கோர்ட்டுக்குள்ள வருதான்னு இன்ஜினியர்கிட்ட பாருங்க. வந்தா கம்பியை விடாம, பின்னாடி சேர்க்குற வழியை இப்பவே வரைபடத்துல எழுதச் சொல்லுங்க.

ஊஞ்சல் கொக்கி தளத்துல வேண்டாம், பீம்லதான். ரெண்டு பேர் 150 கிலோ, தேக்குப் பலகையும் சங்கிலியும் சேர்த்து 200. வீசி ஆடினா அது ரெண்டு மடங்காகும். அதனால பீம் கணக்குல 500 கிலோ சேர்க்கச் சொல்லுங்க. கொக்கிக்குக் கட்டுமானக் கம்பியை வளைக்காதீங்க, இறுக்கமா வளைச்சா முறுக்கு ஓரத்துல விரிசல் விடும். 16 மி.மீ. வழுவழு கம்பி, முடிஞ்சா 316 கிரேடு ஸ்டெயின்லெஸ். 304 கிரேடு கடல் காத்துல புள்ளி புள்ளியா அரிக்கும். யு வடிவத்துல வளைச்சு, ரெண்டு காலும் பீமோட மேல்கம்பி வரைக்கும் ஏறி, அதுக்கு மேல ஒரு அடி மடங்கிப் படுக்கணும். கொக்கிக்குள்ள தெர்மோகோல் துண்டு அடைச்சு வைங்க, பலகை பிரிச்சதும் தேடத் தேவை இல்லை. ரெண்டு கொக்கியும் ஒரே பீம்ல, பலகை நீளத்தைவிட ஓரிரண்டு அங்குலம் கூடுதல் இடைவெளி; ஊஞ்சல் பீமுக்குக் குறுக்கத்தான் ஆடணும். 8 அடிச் சங்கிலி 30 டிகிரி ஆடினாலே முன்னும் பின்னும் 4 அடி போகும், அந்த வழியில கதவோ டி.வி. ஸ்டாண்டோ வரக்கூடாது.

கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி கொக்கி, நெட் திண்டு, மின்குழாய் எல்லாத்தையும் அளவு டேப்பை வச்சுப் படம் எடுத்து வைங்க. 28 நாள் கழிச்சு சங்கிலி மாட்டி, பலகை மேல சிமெண்ட் மூட்டை பத்து அடுக்கி ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுங்க. பீம் அடியில மயிரிழை விரிசல் தெரியலைன்னா அம்மாவை உட்காரச் சொல்லலாம்.